ரெண்டாம் இடம்தானா?



வாற திங்கட்கிழமை எங்கள் பாடசாலையில் தவணைப் பரீட்சையின் தேர்ச்சி அறிக்கை கொடுக்கப் போகிறோம். அதற்கு முன் பெற்றோரோடு ஒரு விசயம் பேச வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம். பெரும்பகுதி டெனிஸ் பற்றியது. டெனிஸுக்கும் தேர்ச்சி அறிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

போன தவணை, பெற்றோரின் கையொப்பத்தோடு திரும்பி வந்த அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மகனின் அறிக்கையில் பாடப் புள்ளிகள் எல்லாம் அப்படியே இருந்தன. மொத்தம் இருந்தது, சராசரி இருந்தது, வாப்பாவின் கையொப்பமும் இருந்தது. 'வகுப்பில் பெற்ற இடம்' என்ற கட்டத்தில் மட்டும் வெள்ளை மை பூசியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே 2 என்று இருந்தது.

ஏசுவதற்குத்தான் கூப்பிட்டோம். அறிக்கையில் கைவைப்பது பெரிய பிழை. ஆனால் அவன் சொன்னதைக் கேட்ட பிறகு ஏச்சு வரவில்லை.

"முந்தின தவணையும் ரெண்டுதான் சேர். வாப்பா பாத்துட்டு 'ரெண்டாம் இடம்தானா?' எண்டு மட்டும் கேட்டார். வேற ஒண்டும் பேசல்ல. இந்த முறை இடம் இன்னும் போடல்ல எண்டு சொல்லிட்டன்."

(பிள்ளை யாரென்று யாரும் தேட வேண்டாம். அடையாளம் தெரியாதபடிதான் எழுதுகிறோம். அவனுடைய வாப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். அவர் நல்ல மனிசன். எங்களை விட அவருக்குத்தான் மனம் நொந்தது.)

அந்தத் 'தானா' என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 2008 முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

நாங்கள் மூன்று பேர். ஒரே ஒழுங்கை, ஒரே பள்ளிவாசல், ஒரே வகுப்பு. உயர்தரம் முதல் தடவை எழுதி, ரிசல்ட் வந்து, இசட் புள்ளி மூவருக்கும் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கொஞ்சம் என்றால் தசமத்துக்குப் பிறகு வருகிற கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு வருசம் திரும்பப் படிக்க வேண்டும். கடைக்குப் போனால், கலியாண வீட்டுக்குப் போனால், "கெம்பஸ் இல்லையா? திரும்ப எழுதுறதுதானா?" என்று கேட்பார்கள். கெட்ட மனதோடு கேட்பதில்லை. ஆனாலும் அந்தத் 'தானா' நெஞ்சுக்குள் போய் இருந்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டிலிருந்து வந்த காக்கா ஒருவர் வீட்டுக்கு டிஷ் பூட்டியிருந்தார். அவருக்கு கிரிக்கெட்டை விட டெனிஸ் விருப்பம். படித்துக் களைத்த நேரம் அங்கே போய் உட்காருவோம். அப்படித்தான் அந்த வருசத்து ஆண்கள் டெனிஸை ஜனவரியில் இருந்து நவம்பர் வரை பார்த்தோம்.

முதலில் அந்த நேரத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். 2004 பெப்ரவரியில் இருந்து உலகின் முதலாம் இடம் சுவிட்ஸர்லாந்தின் ரொஜர் பெடரரிடம். 2005 ஜூலையில் இருந்து இரண்டாம் இடம் ஸ்பெயினின் ரபேல் நடாலிடம். 2008 தொடங்கும்போதும் அதே வரிசைதான். நடால் களிமண் தரையில் மன்னன், பிரெஞ்ச் பகிரங்கத்தைத் தொடர்ந்து 3 முறை வென்றவர். ஆனால் விம்பிள்டன் புல்தரையில் 2006, 2007 இரண்டு வருசமும் இறுதிப் போட்டியில் பெடரரிடம் தோற்றவர். 2007இல் ஐந்தாவது செட் வரை போய்த் தோற்றபின் உடைமாற்றும் அறையில் அழுததைப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார்.

"இவன் ரெண்டாம் இடத்துக்கெண்டே பிறந்தவன் போல" என்று காக்கா சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஜனவரியில் மெல்பேர்னில் அவுஸ்திரேலியப் பகிரங்கம். அரையிறுதியில் முதலாமவரும் தோற்றார், இரண்டாமவரும் தோற்றார். பெடரரை 20 வயது நொவாக் ஜொகோவிச் நேர் செட்களில் வென்றார். அதோடு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் தொடர்ந்து 10 இறுதிகளில் ஆடிய பெடரரின் வரிசை அறுந்தது. நடாலை ஜோ வில்பிரெட் சொங்கா என்ற பிரெஞ்சுக்காரர் 6-2, 6-3, 6-2 என்று துடைத்துவிட்டார். சொங்காவுக்குத் தரவரிசைப்படி அங்கே பெரிய இடமே இல்லை, அப்போது 38ஆவது இடம். ஞாயிறு லுஹர் தொழுதுவிட்டு வந்து இறுதிப் போட்டியைப் பார்த்தோம். சொங்கா முதல் செட்டை எடுத்தார், அடுத்த மூன்றையும் ஜொகோவிச் எடுத்தார். சேர்பியாவிலிருந்து ஓர் ஆண் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றது அதுதான் முதல் தடவை.

எங்களுக்கு அன்று ஆறுதலாக இருந்தது. வரிசையில் எழுதியிருப்பது நடந்தே தீர வேண்டும் என்றில்லை என்று தெரிந்தது.

மார்ச்சில் பெடரர் தனக்கு மொனோநியூக்ளியோசிஸ் என்ற காய்ச்சல் வந்திருந்ததைச் சொன்னார். உடம்பைப் பல வாரம் களைப்பில் போட்டுவிடும் நோய். அந்தக் காலத்தில்தான் டுபாயில் முதல் சுற்றிலேயே அண்டி மரேயிடம் தோற்றார். கலிபோர்னியாவில் மார்டி பிஷ்ஷிடம் தோற்றார். தொடர்ந்து 11 முறை தன்னிடம் தோற்றிருந்த அண்டி ரொடிக்கிடம் மியாமியில் தோற்றார். பெரிய மேடையில் இல்லாமல் சின்னச் சின்ன வாரங்களில் புள்ளிகள் கரைந்துகொண்டிருந்தன. அப்போது அது எங்களுக்கு விளங்கவில்லை.

டெனிஸ் தரவரிசை எப்படி வேலை செய்கிறது என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். பிறகு நடந்ததை விளங்க இது வேண்டும்.

ஒரு வீரரின் கணக்கில் கடைசி 52 வாரங்களில் எடுத்த புள்ளிகள் இருக்கும். ஒரு போட்டியில் எடுத்த புள்ளி ஒரு வருசம்தான் உயிரோடு இருக்கும். அடுத்த வருசம் அதே போட்டி வந்ததும் பழையது கழியும், புதியது சேரும். அந்தக் காலக் கணக்கில் ஒரு கிராண்ட் ஸ்லாமை வென்றால் 1000 புள்ளி, இறுதியில் தோற்றால் 700, அரையிறுதியில் தோற்றால் 450. ஆகவே போன வருசம் வென்றவர் இந்த வருசமும் வென்றால் ஒரு புள்ளியும் கூடாது. 1000 போய் 1000 வரும், அவ்வளவுதான். அரையிறுதியோடு நின்றால் 550 புள்ளி குறையும். பெடரருக்கு அவுஸ்திரேலியாவில் நடந்தது அதுதான்.

ஏப்ரல், மே மாதங்கள் களிமண் தரைக் காலம். பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்பும் தரை. நடால் இடக்கையால் பந்தை முறுக்கி அடித்தால் அது பெடரரின் பின்கைப் பக்கம் தோளுயரத்துக்கு வரும். ஒற்றைக் கையால் பின்கை அடிப்பவருக்கு அந்த உயரத்தில் அடிப்பது பெரிய பாடு. மொண்டே கார்லோ இறுதியில் 7-5, 7-5. ஹம்பேர்க் இறுதியில் மூன்று செட். இரண்டிலும் நடால்தான். இடையில் ரோமில் மட்டும் பாதம் கொப்புளித்து, இரண்டாம் சுற்றில் தன் நாட்டுக்காரர் ஹுவான் கார்லோஸ் பெரேரோவிடம் தோற்றார்.

ஜூன் 8, பாரிஸ் இறுதி. 6-1, 6-3, 6-0. உலகின் முதலாம் இடத்தவர் முழுப் போட்டியிலும் 4 கேம்தான் எடுத்தார். ஒரு செட்டைக்கூட இழக்காமல் நடால் அந்தப் பட்டத்தை எடுத்தார். தொடர்ந்து நான்காவது முறை. அதற்கு முன் பியோன் போர்க் செய்த சாதனை அது. வழமையாக வென்றதும் தரையில் மல்லாந்து விழுகிறவர் அன்று விழவில்லை. கையை உயர்த்திச் சிரித்தார், அவ்வளவுதான்.

"ஏன்டா இவன் விழல்ல?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"எதிரில நிக்கிற ஆளப் பாத்தா விழத் தோணுமா?" என்றார் காக்கா.

அந்த வாரத் தரவரிசைப் பட்டியல் வந்தது. பெடரர் 1, நடால் 2. மேலே சொன்ன கணக்குத்தான். போன வருசமும் பாரிஸை வென்றவர் நடால், இறுதியில் தோற்றவர் பெடரர். யாருக்கும் ஒரு புள்ளியும் மாறவில்லை. முதலாமவரை 4 கேமோடு அனுப்பிவிட்டும் இரண்டாம் இடம்தான்.

பிறகு புல்தரை. பந்து தாழ்வாகச் சறுக்கி வரும், பெடரரின் வீடு அது. விம்பிள்டனைத் தொடர்ந்து 5 முறை வென்றிருந்தார், ஆறாவதுக்கு வந்திருந்தார். புல்தரையில் 65 போட்டிகள் தொடர்ந்து தோற்காமல் வந்திருந்தார்.

2008 ஜூலை 6, ஞாயிறு. லண்டனில் மழையால் தாமதமாகத்தான் தொடங்கியது. இங்கே மஃரிப் கழிந்திருந்தது. நாங்கள் இஷா தொழுதுவிட்டு வந்தபோது நடால் முதல் செட்டை எடுத்திருந்தார், 6-4. இரண்டாவது செட்டில் பெடரர் 4-1 என்று முன்னால் போனார். அதையும் நடால் திருப்பி 6-4 என்று எடுத்தார். மூன்றாவதில் திரும்பவும் மழை. அப்போது சென்டர் கோர்ட்டுக்குக் கூரை கிடையாது, அடுத்த வருசம்தான் வந்தது. மழை விட்டு ஆடியபோது டைபிரேக்கில் மூன்றாவது செட் பெடரருக்கு.

நான்காவது செட்டும் டைபிரேக். அதில் நடால் 5-2 என்று முன்னால். அடுத்த இரண்டு சேர்வும் அவருடையது. இரண்டு புள்ளி எடுத்தால் விம்பிள்டன். இரண்டு சேர்வையும் தவறவிட்டு அந்தப் புள்ளியைக் கொடுத்தார். கை நடுங்கியது டீவியிலேயே தெரிந்த மாதிரி இருந்தது எங்களுக்கு. பிறகும் இரண்டு தடவை, ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற இடத்துக்கு வந்தார். முதலாவதைப் பெடரர் சேர்வால் காப்பாற்றினார். இரண்டாவதைப் பின்கையால் கோட்டோரம் அடித்துக் காப்பாற்றினார். அதே பின்கைதான், பாரிஸில் அடிபட்ட அதே பின்கை. செட் பெடரருக்கு, 10-8.

எங்களில் ஒருவர் எழும்பி வெளியே போய் ஒழுங்கையில் நின்றார். "பாக்க ஏலாது, போன வருசம் மாதிரித்தான் முடியப் போகுது" என்றார். அவர் நடாலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஓகஸ்ட்டில் பரீட்சை.

ஐந்தாவது செட் 2-2இல் இருக்கும்போது திரும்பவும் மழை. இங்கே நள்ளிரவு கழிந்துவிட்டது. காக்காவின் உம்மா எழும்பி வந்து, "இன்னும் முடியல்லையா இந்தப் பந்தடி?" என்று கேட்டு, பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுப் போனார்.

அப்போது கடைசி செட்டில் டைபிரேக் இருக்கவில்லை. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டியிருந்தது. 7-7இல் பெடரரின் சேர்வை நடால் உடைத்தார். 8-7இல் சேர்வ் போட வந்தார். நாலாவது தடவை பட்டத்துக்கான புள்ளி. பெடரரின் பந்து வலையில் விழுந்தது. இந்த முறை நடால் மல்லாந்து விழுந்தார். லண்டனில் இரவு 9.16. இங்கே 1.46. வெளியே நின்றவரைக் கூப்பிட்டுத்தான் கடைசிக் கேமைப் பார்க்க வைத்தோம்.

4 மணி 48 நிமிடம் ஆடிய போட்டி. எடுத்த புள்ளிகளை எண்ணினால் நடால் 209, பெடரர் 204. மொத்தம் 413 புள்ளியில் வித்தியாசம் 5. இந்தக் கணக்கை அடுத்த நாள் எங்கள் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தோம். தசமத்துக்குப் பிறகு வருகிற கொஞ்சத்தால் தோற்றவர்களுக்கு 204 எடுத்தவரின் வலியும் விளங்கியது. அன்று இரவு அவரை 'தோற்றவர்' என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் தரவரிசைப் பட்டியல் வந்தது. பெடரர் 1, நடால் 2.

எங்களால் நம்ப முடியவில்லை. பாரிஸில் வென்றார், லண்டனில் வென்றார், இரண்டிலும் முதலாமவரையே வென்றார். பிறகும் இரண்டாம் இடம். கணக்குப் பார்த்தோம். போன வருசம் இறுதியில் தோற்ற 700 கழிந்து 1000 வந்தது. கூடியது 300. பெடரருக்குக் குறைந்தது 300. இடைவெளி சுருங்கியது, ஆனால் மூடவில்லை.

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு விசயம் பிடிபட்டது. இடம் என்பது ஆளுக்கு வைக்கும் பெயர் இல்லை, அது ஒரு கணக்கு. குறித்த காலத்தில், குறித்த விதியில் கூட்டிக் கழித்து வருகிற எண். அந்த எண்ணுக்கு மழை தெரியாது, காய்ச்சல் தெரியாது, 1.46 மணியும் தெரியாது. அது பொய் சொல்வதில்லைதான். ஆனால் முழுவதையும் சொல்வதும் இல்லை.

நடால் என்ன செய்தார்? அழவும் இல்லை, விதி பிழை என்று பேசவும் இல்லை. ரொறொன்ரோவுக்குப் போய் அந்தப் போட்டியையும் வென்றார். சின்சினாட்டியில் அரையிறுதி வரை போய் ஜொகோவிச்சிடம் தோற்றார். தொடர்ந்து 32 போட்டிகள் வென்று வந்தவர் அங்கேதான் நின்றார். அதே இரண்டு வாரங்களில் பெடரர் இரண்டு போட்டியிலும் ஆரம்பத்திலேயே வெளியேறினார். விம்பிள்டன் மாதிரி உலகமே பார்த்த போட்டிகள் இல்லை. ஆனால் கணக்கு மாறியது அங்கேதான்.

ஓகஸ்ட்டில் நாங்கள் பரீட்சையோடு இருந்தோம். பீஜிங் ஒலிம்பிக் நடந்தது, பார்க்கக் கிடைக்கவில்லை. நடால் இறுதியில் சிலியின் பெர்னாண்டோ கொன்சாலஸை வென்று தங்கம் எடுத்ததையும், மறுநாள் ஓகஸ்ட் 18 அன்று முதலாம் இடத்துக்கு வந்ததையும் காக்கா பேப்பரில் வெட்டி வைத்திருந்தார். பெடரர் 237 வாரம் முதலாம் இடம். நடால் 160 வாரம் இரண்டாம் இடம்.

160 வாரம் என்றால் மூன்று வருசத்துக்கும் மேல். அந்த மூன்று வருசத்தில் ஒரு திங்கட்கிழமையாவது "ரெண்டாம் இடம்தானா?" என்று யாராவது அவரிடம் கேட்காமல் இருந்திருப்பார்களா?

கதை அதோடு முடிந்திருந்தால் 'பொறுத்தால் முதலாம் இடம் வரும்' என்று எழுதிவிட்டு நாங்களும் போயிருப்போம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கு இன்னும் முக்கியம்.

செப்டம்பரில் நோன்பு. நியூயோர்க்கில் அமெரிக்கப் பகிரங்கம். புயல் மழையால் இறுதிப் போட்டி திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய், இங்கே ஸஹருக்கு எழும்புகிற நேரத்துக்கு வந்தது. புதிய முதலாமவர் நடாலை அரையிறுதியில் அண்டி மரே வென்றிருந்தார். ரொறொன்ரோவில் தோற்று, சின்சினாட்டியில் தோற்று, பீஜிங் ஒற்றையரில் ஜேம்ஸ் பிளேக்கிடமும் தோற்றிருந்த பெடரர், தன் நாட்டுக்காரர் வவ்ரிங்காவோடு இரட்டையரில் தங்கம் எடுத்த தெம்போடு வந்திருந்தார். நாலரை வருசத்துக்குப் பிறகு இரண்டாம் இடத்தில் நின்று ஆடும் முதல் கிராண்ட் ஸ்லாம். மரேயை 6-2, 7-5, 6-2 என்று வென்று தொடர்ந்து ஐந்தாவது முறை அந்தப் பட்டத்தை எடுத்தார்.

ஸஹர் சோற்றுக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்த காக்கா சொன்னார்: "பாத்தீங்களா, இண்டைக்கு வெண்டவன் ரெண்டாம் இடம்."

நவம்பரில் முழங்கால் வலியால் நடால் ஷங்காய் வருட இறுதிப் போட்டிக்கும் போகவில்லை, டேவிஸ் கிண்ண இறுதிக்கும் போகவில்லை. ஷங்காயில் ஜொகோவிச் வென்றார். ஆர்ஜன்டீனாவின் மார் டெல் பிளாட்டாவில், அவர்கள் மண்ணில், அவர்கள் ரசிகர்கள் நடுவே, முதலாம் இடத்தவர் இல்லாமலே ஸ்பெயின் 3-1 என்று டேவிஸ் கிண்ணத்தை எடுத்தது. முடிவு செய்த போட்டியை ஐந்து செட் ஆடி வென்றவர் பெர்னாண்டோ வெர்டாஸ்கோ. அணியில் முதல் பெயராக யாரும் சொல்லியிருக்காத ஆள்.

வருச முடிவில் பட்டியல் இப்படி இருந்தது: 1 நடால், 2 பெடரர், 3 ஜொகோவிச், 4 மரே.

அந்த மூன்றாம் இடத்துப் பையனைப் பாருங்கள். 2007 முடிவில் 3, 2008 முடிவில் 3, 2009, 2010 முடிவிலும் 3. நாலு வருசம் மூன்றாம் இடம். அவர்தான் பிற்காலத்தில் 24 கிராண்ட் ஸ்லாம், 428 வாரம் முதலாம் இடம் என்று இரண்டு பேரையும் தாண்டிப் போனவர். நாலாம் இடத்து மரே, நியூயோர்க்கில் தோற்ற பிறகு இன்னும் மூன்று கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் தோற்று, 2012இல்தான் முதல் பட்டம் எடுத்தார்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் உங்களை ஏமாற்றியதாகிவிடும். மெல்பேர்னில் நடாலைத் துடைத்த சொங்காவுக்கு வாழ்நாளில் வேறு கிராண்ட் ஸ்லாம் இறுதி கிடைக்கவில்லை. 2022இல் பாரிஸில் ஓய்வு பெற்றார். அவர் சோம்பேறி இல்லை. திறமை குறைந்தவரும் இல்லை. மூன்று மலைகள் நின்ற காலத்தில் பிறந்தார், அவ்வளவுதான். எல்லா இரண்டாம் இடமும் முதலாம் இடமாக மாறாது. பிள்ளைகளிடம் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது.

எங்கள் கதையும் அப்படித்தான். இரண்டாம் தடவை எழுதியதில் ஒருவருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. இருவருக்கு திரும்பவும் அந்தக் கொஞ்சம் குறைந்தது. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்து, கிடைத்து, போனோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: "கெம்பஸ் இல்ல, கொலிஜ்தானா?"

இரண்டு வருசம் விடுதியில் இருந்து படித்து, ஒரு வருசம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி செய்து, ஆசிரியர்களாக வெளியே வந்தோம். ஒரு பிள்ளைக்கு ஏன் கழித்தல் விளங்கவில்லை என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கல்லூரியில்தான். அல்ஹம்துலில்லாஹ், இப்போது இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். நாங்கள் இரண்டாம் தெரிவாகப் போன தொழில், வகுப்பறைக்குள் நுழைந்த பிறகு இரண்டாம் தெரிவாக இருக்கவில்லை. ஆனால் அந்தத் 'தானா'வை மறக்க எங்களுக்குப் பல வருசம் எடுத்தது என்பதையும் மறைக்க மாட்டோம். பல்கலைக்கழகம் போன நண்பன் ஊருக்கு வந்தால் கொஞ்ச நாள் நாங்கள் வேறு ஒழுங்கையால் போனோம். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. எண்தான் எங்களுக்கு இடையில் நின்றது.

இப்போது அந்த மகனிடம் வருவோம். புதிய அறிக்கை ஒன்று எழுதினோம். இடத்தில் 2 என்றே போட்டோம், மறைக்கவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார வைத்து விம்பிள்டன் கதையைச் சொன்னோம். 209, 204 என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அவன் கழித்துப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"அப்ப வெண்டு அடுத்த நாளும் அவருக்கு ரெண்டாம் இடம்தானா சேர்?"

"ஓம்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கொஞ்சம் யோசித்தான். "பிறகும் அடுத்த மெச்சுக்குப் போனாரா?"

"போனார் மகன். ரொறொன்ரோவுக்கு."

அந்த அறிக்கையை வாப்பாவுக்குக் காட்டிக் கையொப்பம் வாங்கி வந்தான். இந்த முறை வாப்பாவும் கூட வந்தார். அறிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "விஞ்ஞானத்தில 14 புள்ளி கூடியிருக்கே, நான் இதப் பாக்கவே இல்லையே சேர்" என்றார். போன தவணையும் அந்தப் புள்ளிகள் தாளில் இருந்தன. கட்டத்துக்கு வெள்ளை மை பூசியிருந்தபோதும் மற்ற எண்கள் எல்லாம் திறந்தேதான் இருந்தன. அவர் மட்டும் இல்லை, நாங்களும் சில நேரம் பார்ப்பதில்லை. இடத்தை எழுதி, கையொப்பம் வைத்து, அடுத்த அறிக்கையை எடுத்துவிடுகிறோம். அந்தப் பிழையில் எங்கள் பங்கும் உண்டு.

ஆகவே திங்கட்கிழமை அறிக்கை கையில் கிடைத்ததும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இடம் எழுதியிருக்கும் கட்டத்தைப் பெருவிரலால் மூடிக்கொள்ளுங்கள். முதலில் போன தவணை அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பாடம் பாடமாகப் பாருங்கள். எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். குறைந்திருந்தால் அந்த நாட்களில் காய்ச்சலா, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் விரலை எடுங்கள். எந்த எண் இருந்தாலும் அதற்குப் பின்னால் 'தானா' போடாதீர்கள்.

முதலாம் இடம் எடுத்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். 237 வாரம் இருந்தவருக்கும் அது ஒரு நாள் கைமாறியது. மாறுகிற நாளில் பிள்ளை உடைந்துபோகாமல் இருக்க வேண்டும் என்றால், இன்றைக்கே அந்த எண்ணைத் தவிர வேறு எதையாவது சொல்லிப் பாராட்டுங்கள்.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரகத் செய்வானாக. திங்கட்கிழமை காலை 8 மணியில் இருந்து வகுப்பறையில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். வாப்பாமாரும் வாங்க, உம்மாமாரை மட்டும் அனுப்பிவிட்டு இருக்க வேண்டாம்.